கேள்வி – பதில்: மூலிகைக் கீரைகளும் ஆன்டி-ஆக்ஸிடன்ட்களும்

கேள்வி: நான் வாங்கும் முருங்கையிலைப் பொடிப் பொட்டலத்தின் மேல், அதன் ஆன்டி-ஆக்ஸிடன்ட் ஆற்றல் மற்ற கீரைகளைவிடப் பல மடங்கு அதிகம் என்று ஓர் எண்ணுடன் அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பி, பச்சைக் கீரைக்குப் பதிலாகப் பொடியையே பிள்ளைகளுக்குத் தரலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்பது உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். பொட்டலத்திலுள்ள எண் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அது சோதனைக் குழாயில் எடுத்த அளவு. உங்கள் பிள்ளைகளின் உடலில் எடுத்தது அன்று. 'டிபிபிஎச்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேதிப்பொருளை ஆல்கஹாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம் வரும். அதில் கீரைச் சாற்றைச் சில துளிகள் விட்டால், சாற்றில் ஆன்டி-ஆக்ஸிடன்ட்களாக இயங்கும் பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் தம்மிடமுள்ள ஹைட்ரஜனை அதற்குக் கொடுத்துவிட, ஊதா வெளுத்து மஞ்சளாகிறது. எவ்வளவு வெளுத்தது என்பதை ஒளி அளக்கும் கருவியில் பார்த்து, ஆற்றல் இவ்வளவு என்று குறிக்கிறார்கள். 1958-இல் அறிமுகமான இம்முறை எளியது, செலவு குறைந்தது. எந்தச் செடியில், எந்தப் பருவத்தில் இப்பொருள்கள் மிகுதி என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றது. உண்டபின் என்ன நடக்கும் என்பதை அதனால் சொல்ல இயலாது.

முருங்கையிலையிலுள்ள குவர்செட்டின் என்ற பாலிஃபீனாலையே எடுத்துக்கொள்வோம். இலையில் அது பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைந்தே இருக்கிறது. குடலிலுள்ள நொதிகளும் நுண்ணுயிர்களும் அந்தச் சர்க்கரையைக் கழற்றியபின் ஒரு பகுதி மட்டும் உள்ளே செல்கிறது. சென்றதையும் குடற்சுவரும் கல்லீரலும் வேறு வடிவத்துக்கு மாற்றி, சிறுநீர் வழியாகவும் பித்தத்தின் வழியாகவும் வெளியேற்றத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே இரத்தத்தில் தங்கும் அளவு மிகச் சொற்பம். நம் உயிரணுக்கள் தாமே தயாரித்து வைத்திருக்கும் குளுட்டாதயோன் என்ற தடுப்பானோ அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலான செறிவில் இருக்கிறது.

அப்படியானால் கீரையால் பயன் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு; ஆனால் வேறு வழியில் என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து. இப்பொருள்களை உடல் ஓரளவு அந்நியப் பொருள்களாகவே காண்கிறது. அவை நுழையும்போது, உயிரணுவில் கட்டுண்டு கிடக்கும் 'என்ஆர்எஃப்2' என்ற புரதம் விடுபட்டு உட்கருவுக்குச் சென்று, நம்முடைய பாதுகாப்பு நொதிகளை உண்டாக்கும் மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. கீரை நேரடியாகக் காவல் நிற்பதைவிட, வீட்டிலுள்ள காவலரை எழுப்பிவிடுவதே அதன் முதன்மையான வேலை என்று கொள்ளலாம். இத்தகைய வேறுபாட்டைக் கருதித்தான் அமெரிக்க வேளாண் துறை, உணவுப் பொருள்களை 'ஓராக்' என்ற சோதனைக் குழாய் ஆன்டி-ஆக்ஸிடன்ட் அளவால் வரிசைப்படுத்திய தன் அட்டவணையை 2012-இல் இணையத்திலிருந்து நீக்கிவிட்டது. அந்த எண்கள் விளம்பரங்களில் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்பதையும் அத்துறை காரணமாகச் சொன்னது.

பொடியைப் பொறுத்தவரை, உலர்த்தும்போது வைட்டமின் சி-யின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. நிழலில் உலர்த்தினால் பீட்டா கரோட்டின் ஓரளவு நிற்கும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கும். மரம் அருகில் இல்லாதவர்கள் பருப்பிலோ அடை மாவிலோ ஒரு சிறு கரண்டி பொடியைச் சேர்ப்பது நல்லதே. கொல்லையில் முருங்கை நிற்கும் வீட்டில் அதை விட்டுவிட்டுப் பொட்டலம் வாங்குவதை என் மனம் ஏற்கவில்லை.

கேள்வி: நாங்கள் வல்லாரையைப் பச்சையாகவே சம்பல் போட்டு உண்கிறோம். தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் வதக்கித் துவையல் அரைக்கிறார்கள். எதில் சத்து அதிகம் மிஞ்சும்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைட்டமின் சி சூட்டுக்கும் நீருக்கும் தாங்காது, ஆதலால் அந்த வகையில் உங்கள் சம்பலே மேல். வல்லாரையில் காபியிலும் காணப்படும் குளோரோஜெனிக் அமிலமும் அதன் உறவுப் பொருள்களும் உள்ளன. இலையை நறுக்கியதும் உயிரணுக்கள் உடைந்து, அதுவரை தனித்தனியே இருந்த நொதியும் பாலிஃபீனாலும் கலப்பதால், வெட்டிய வாழைக்காய் கறுப்பதுபோல் இவையும் சிதையத் தொடங்கும். நீங்கள் பிழியும் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) அந்த நொதியின் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. தேங்காய்ப்பூவிலுள்ள கொழுப்பு கரோட்டின்கள் உடலில் சேரத் துணைசெய்கிறது. சம்பல் என்ற இந்த உணவு எவ்வளவு நுட்பமாக அமைந்திருக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. ஆகவே உண்பதற்குச் சற்று முன்பு மட்டும் அரிந்து, உடனே தேசிக்காய்ப் புளி சேர்த்துவிடுங்கள்.

துவையலையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். சிறிது எண்ணெயில் சில நிமிடம் வதக்குவதால் இழப்பு பெரிதாக இராது. நீரில் நெடுநேரம் வேகவைத்து அந்த நீரைக் கொட்டுவதுதான் பேரிழப்பு. வல்லாரை வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்வது. பச்சையாக உண்பவர்கள் ஒவ்வோர் இலையாகப் பலமுறை நன்னீரில் கழுவுவது கட்டாயம்.

கேள்வி: தாளிப்பில் போடும் கறிவேப்பிலையை ஒதுக்கி வைத்துவிட்டால் அதன் சத்து முழுவதும் வீணா?
– வாசகர், மதுரை

பதில்: முழுவதும் வீணாகாது. கறிவேப்பிலைக்கே உரிய மகானிம்பின் முதலிய கார்பசோல் ஆல்கலாய்டுகளும் கரோட்டின்களும் எண்ணெயில் கரைபவை. தாளிக்கும்போது ஒரு பகுதி இறங்கிவிடும். மற்றது இலையிலேயே நிற்கும். மென்று விழுங்குங்கள், இயலாதவர்கள் துவையலாக அரைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் கணவர் பல ஆண்டுகளாகப் புகைப்பவர். அதற்கு ஈடாக இருக்கட்டும் என்று பொன்னாங்கண்ணிக் கீரை உண்பதோடு பீட்டா கரோட்டின் மாத்திரையும் வாங்கி வைத்திருக்கிறார். இது சரிதானா?
– வாசகி, திருச்சி

பதில்: மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஃபின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள 29,133 ஆண் புகைப்பவர்களிடம், பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1994-இல் முடிவு வந்தபோது, நாள்தோறும் 20 மில்லிகிராம் உட்கொண்டவர்களிடம் அந்நோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்விலும் நோய் கூடியதால், 1996-இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். புகை நிறைந்த நுரையீரலில் மிகையான கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, தீங்கு செய்யும் துண்டுகளாக உடைகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

பொன்னாங்கண்ணிக் கீரைக்கு இந்த அச்சம் தேவையில்லை. ஒரு கிண்ணப் பொரியலிலுள்ள கரோட்டின் நாருடனும் லூட்டினுடனும் பிற பொருள்களுடனும் கலந்து, மெதுவாகவும் குறைவாகவுமே உடலில் சேர்கிறது. அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவராயின் மட்டும், கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதால், எவ்வளவு கீரை உண்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அந்த அளவை வாரத்துக்கு வாரம் மாற்றாமல் இருக்க வேண்டும். எந்தக் கீரையும் புகைக்கு ஈடாகாது என்பதை அவரிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். புகைப்பழக்கத்தைக் கைவிட உதவி தேவைப்பட்டால், சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அவரைப் பேசச் செய்யுங்கள்.