இறங்க வந்த விமானம் ஏன் மறுபடி மேலே ஏறியது?

கேள்வி: அம்மாவுடன் விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். ஓடுதளம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் இன்ஜின் சத்தம் திடீரென்று கூடி, விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது. வெகுநேரம் எந்த அறிவிப்பும் இல்லை. அம்மா பயந்துபோய், இனி விமானமே வேண்டாம் என்கிறார். இது பைலட்டுகளின் கவனக்குறைவா? இந்த மாதிரி நேரத்தில் பயணிகள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பதில்: நீங்கள் பார்த்ததற்கு ‘கோ-அரவுண்ட்’ என்று பெயர். முன்னால் இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு இன்னும் விலகாமல் இருந்திருக்கலாம். பின்காற்று அடித்திருக்கலாம், வேகம் அதிகமாக இருந்திருக்கலாம். கவனம் சிதறியதும் காரணமாக இருக்கலாம். உங்கள் விமானத்தில் எது நடந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் கவனம் சிதறியிருந்தாலும்கூட, மேலே ஏறியதுதான் அதற்குச் சரியான தீர்வு. அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கவனம் எப்படிச் சிதறும் என்பதற்கு ஒரு நிஜச் சம்பவம். 2010 மே 27, டார்வினிலிருந்து சிங்கப்பூர் வந்த ஜெட்ஸ்டார் ஏர்பஸ் ஏ321. ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி. அவரைக் கண்காணித்து, கேட்டதைச் செய்துகொடுப்பது கேப்டனின் வேலை. 2,500 அடிக்கும் 2,000 அடிக்கும் நடுவில் கேப்டனின் செல்போனில் குறுஞ்செய்திகள் வந்து விழ ஆரம்பித்தன. துணை விமானி ஒரு விஷயத்தைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கேப்டன் போனில் இருக்கிறார். அதை அணைக்கத்தான் முயன்றதாக அவர் பிறகு சொன்னார். அதை நான் நம்புகிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே கவனம் போய்விடும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

அந்தச் சில நொடிகளில் விட்டுப்போனது சின்ன வேலை இல்லை. சக்கரங்களே இறக்கப்படவில்லை. 1,000 அடியில் துணை விமானிக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்ன என்று பிடிபடவில்லை. 720 அடியில் எச்சரிக்கை மணி அடித்தது. வழக்கமான இறங்கும் வேகத்தில் அங்கிருந்து தரைக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. கேப்டன் எதுவும் சொல்லாமல் சக்கரங்களை இறக்கும் நெம்புகோலைத் தள்ளிவிட்டார். துணை விமானியோ மேலே ஏறிவிட வேண்டும் என்ற நினைப்பில் இருந்தார். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்த இரண்டு பேர் மனதில் இரண்டு திட்டம், வாய்விட்டுச் சொன்னவர் யாரும் இல்லை. கடைசியில் 392 அடி வரை வந்துவிட்டு மேலே ஏறினார்கள். சுற்றி வந்து பத்திரமாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை.

இதற்குச் சரியாக ஐந்து நாள் முன்பு, மே 22 அன்று, மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் உயரமாகவும் வேகமாகவும் இறங்க வந்தது. துணை விமானி கோ-அரவுண்ட் போகச் சொன்னது குரல்பதிவில் இருக்கிறது. கேப்டன் கேட்கவில்லை. மலை உச்சியில் இருக்கும் அந்த ஓடுதளத்தில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்டு, முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பயணத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் கேப்டன் தூங்கியிருந்தார் என்பதையும் விசாரணை சொன்னது. ஒரே வாரத்தில் இரண்டு விமானங்கள், இரண்டிலும் தப்பு நடந்தது. ஒன்று மேலே ஏறியது, இன்னொன்று ஏறவில்லை. அதனால்தான் கோ-அரவுண்ட் செய்த விமானியை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். 1,000 அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில், வேகமும் உயரமும் சக்கரங்களும் செக்லிஸ்டும் ஒழுங்காக இல்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்கப் பரவலாகக் கற்றுத்தரப்படும் அளவுகோல்.

சரி, அறிவிப்பு ஏன் வரவில்லை? அந்த நேரத்தில் காக்பிட்டில் மூச்சுவிட நேரம் இருக்காது. இன்ஜினுக்கு முழு விசை கொடுக்க வேண்டும், மூக்கை உயர்த்த வேண்டும், இறக்கைத் தகடுகளையும் சக்கரங்களையும் உள்ளே இழுக்க வேண்டும், கட்டுப்பாட்டு கோபுரத்திடம் சொல்லிப் புதிய உயரமும் திசையும் வாங்க வேண்டும், அடுத்த இறக்கத்துக்குத் தயாராக வேண்டும். முதலில் விமானம், பிறகு வழி, அதற்குப் பிறகுதான் பேச்சு என்பது அவர்களுக்கு ஊறிப்போன வரிசை. பயணிகளிடம் பேசுவது அந்த வரிசையின் கடைசியில் வரும். இருந்தாலும் பணிப்பெண்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற உங்கள் ஆதங்கம் நியாயம்தான். அதை விமான நிறுவனத்துக்கு எழுதலாம்.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. 1974-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனியில் இறங்க வந்த ஒரு விமானத்தின் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டே வந்து, ஓடுதளத்துக்கு முன்பே தரையில் மோதினார்கள். 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1981-இல் அங்கே ஒரு விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சோ வேலையோ கூடாது. இன்று மற்ற நாடுகளிலும் இதே வழக்கம்தான். பணியாளர்களும் அவசியமில்லாமல் காக்பிட்டை அழைக்க மாட்டார்கள். எனவே இறங்கும்போது தண்ணீருக்காகவோ போர்வைக்காகவோ அழைப்பு பொத்தானை அழுத்தாதீர்கள். போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள், பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அமைதி என்றால் எதையும் சொல்லக் கூடாது என்று அர்த்தமில்லை. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் அருகே பிரிட்டிஷ் மிட்லண்ட் போயிங் 737 விழுந்து 47 பேர் இறந்தார்கள். பழுதானது இடது இன்ஜின், விமானிகள் நிறுத்தியது வலது இன்ஜின். வலது இன்ஜினில் கோளாறு என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னபோது, இடது பக்கம் நெருப்பைப் பார்த்த பயணிகள் சிலர் குழம்பினார்கள். பின்பக்கப் பணியாளர்களும் பார்த்திருந்தார்கள். ஆனால் யாரும் காக்பிட்டுக்குச் சொல்லவில்லை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் காக்பிட்டிலிருந்து இன்ஜின் கண்ணுக்கே தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே நெருப்பு, புகை, இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுவது, அறிவிப்புக்கு நேர்மாறாக எதையாவது கண்ணால் பார்ப்பது, இவற்றில் எதுவானாலும் உடனே பணியாளரிடம் சொல்லுங்கள். இறங்கும் நேரம் என்றாலும் தயங்க வேண்டாம். எழுந்து ஓடாதீர்கள், அழைப்பு பொத்தானை அழுத்துங்கள், யாரும் வராவிட்டால் சத்தமாகக் கூப்பிடுங்கள். இடது, வலது என்பதை விமானத்தின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்த நிலையில் சொல்லுங்கள். பணியாளர் உங்களுக்கு எதிர்முகமாக நின்றால் அவருடைய இடது கை உங்கள் வலது பக்கம் இருக்கும், குழப்பம் வரும். ‘14-ஆம் வரிசை, ஏ இருக்கைப் பக்கத்து இன்ஜின்’ என்று இருக்கை எண்ணோடு சொல்லிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.