தாத்தா வீட்டுப் பழைய பித்தளைப் பாத்திரங்களை ஆன்லைன் ஏலத்தில் விற்க எத்தனை படம் போட வேண்டும்? இணையத்தில் கிடைக்கும் நல்ல படங்களையே போட்டால் போதாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. உங்கள் வீட்டுக் குடத்தைப் போலவே அச்சு அசலாக ஒரு குடத்தின் படம் கிடைத்தாலும் கூடாது. கேள்வியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஊரில் தாத்தா வீட்டைக் காலி செய்கிறீர்கள். பரணிலிருந்து குடமும் தவலையும் இறங்கியிருக்கின்றன. பாத்திரக் கடைக்காரர் பழைய பித்தளை விலைக்குக் கிலோ கணக்கில் கேட்டிருப்பார். ஆன்லைனில் போட்டால் கூடக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் தொடங்கியது. மதுரையில் தெற்குவாசல் பக்கம் இருக்கிறோம். என் கணவர் பழைய இரும்புக் கடைகளிலும் வீடு காலி செய்கிறவர்களிடமும் பாத்திரம் வாங்கி வருவார். படம் எடுப்பது, விவரம் எழுதுவது, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. பெரிய கேமரா வைத்து எடுப்பவர்கள் இதைப் படித்தால் ‘இது கூடத் தெரியாதா’ என்று வருவார்கள் என்று தெரியும். அவர்கள் முறை அவர்களுக்கு. நான் சாதாரண போனில் எடுக்கிறேன். அந்தப் படத்தை நம்பி முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்புகிறார்கள்.

எத்தனை படம் என்பதற்குத் தளத்துக்குத் தளம் விதி உண்டு. இபே என்ற ஏலத் தளத்தில் ஒரு பொருளுக்கு 24 படம் வரை கட்டணம் இல்லாமல் போடலாம். நீளமான பக்கம் குறைந்தது 500 பிக்சல் இருக்க வேண்டும், 1600 இருந்தால் பெரிதாக்கிப் பார்க்க நன்றாக வரும். படத்தின் மேல் எழுத்து, பார்டர் எதுவும் ஒட்டக் கூடாது. பயன்படுத்திய பொருளுக்கு அந்தப் பொருளின் படத்தைத்தான் போட வேண்டும் என்பதும் அங்கே விதி. 1995-இல் அந்தத் தளம் தொடங்கிய புதிதில் விற்கிறவர்கள் படத்தை வேறு எங்கோ ஏற்றி, அதன் முகவரியை எச்.டி.எம்.எல். என்ற இணையப் பக்கக் குறிமொழியில் எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. பிறகு ஒரு காலத்தில் முதல் படம் மட்டும் இலவசம், அடுத்ததற்கெல்லாம் காசு. இன்று கையிலிருக்கும் போனிலிருந்தே ஏற்றுகிறோம். இத்தனை வசதி வந்த பிறகும் ஒரே ஒரு படத்தைப் போட்டு ‘பழைய கூஜா, நல்ல கண்டிஷன்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இபேயின் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்ட பிறகு நம் பக்கத்தில் நிறைய ஏலம் முகநூல், வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. அங்கே குழு நடத்துகிறவர் வைத்ததுதான் சட்டம். கேட்க ஆளில்லை என்பதால் இன்னும் ஒழுங்காகப் படம் போட வேண்டும் என்பது என் கட்சி.

எண்ணிக்கையை விடுங்கள். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டை ஓட்டி வருவாரா? ஏலம் கேட்கிறவருக்குப் பல்லைப் பிடிக்க வழியில்லை, அதை நீங்கள்தான் திறந்து காட்ட வேண்டும். கையில் வாங்கினால் அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். தூக்கி எடை பார்ப்பார்: தராசில் வைத்து எண் தெரிய ஒரு படம். கவிழ்த்து அடியைப் பார்ப்பார்: அடிக்கு ஒரு படம். உள்ளே ஈயப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்: உள்ளே வெளிச்சம் விட்டு ஒரு படம். விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார். வெண்கலம் என்றால் அதற்குச் சின்ன வீடியோ எடுத்துக் கேட்பவருக்கு அனுப்பலாம். நசுங்கல், விரிசல், பற்ற வைத்த இடம் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தில் ஒரு படம். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள், அது 27 மில்லிமீட்டர், அளவு தெரியும். வெளிநாட்டுக்காரருக்கு ஸ்கேல்.

இனி என் கதை. அத்தையின் அம்மாவுக்குச் சீராக வந்த கூஜா ஒன்று எங்கள் பரணில் இருந்தது. சீர்ப் பாத்திரத்தைப் போய் விற்றாளே என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், எடுத்துக் கொடுத்ததே அத்தைதான். ரயிலுக்குக் கூஜாவில் காபி கொண்டு போகிற ஆள் எங்கள் வீட்டில் இன்று யாரும் இல்லை. வைத்திருக்கத் தெரிந்தவர் கைக்குப் போகட்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“அழுக்குப் பாத்திரத்தையா ஊருக்குக் காட்டுவ? வீட்ல பொம்பளையே இல்லையான்னு கேப்பாக. புளி வச்சு ஒரு தேய் தேய்ச்சுத் தாரேன், அப்புறம் படம் எடு.”

“வேணாம் அத்தை. அந்தக் கறுப்பத்தான் அவக கேக்குறாக.”

அத்தைக்கு மனசே இல்லை. நம் வீடுகளில் பித்தளை என்றால் பளபளக்க வேண்டும், அதில் தப்பும் இல்லை. ஆனால் பழைய பாத்திரம் சேர்க்கிறவர்கள் வருடக்கணக்கில் தானாகப் படிந்த நிறத்துக்குத்தான் விலை கொடுக்கிறார்கள். புளி, எலுமிச்சை, பீதாம்பரி எதைப் போட்டாலும் அந்தப் படிவு போய்விடும், திரும்ப வர வருடக்கணக்கில் ஆகும். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: காய்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள், அவ்வளவு போதும். படத்துக்காகத் தேய்த்துவிடாதீர்கள்.

அந்தக் கூஜாவின் அடியில் பேர் வெட்டியிருந்தது. இன்று கடையில் மெஷினில் எழுதித் தருகிறார்களே, அது மாதிரி இல்லை. உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்து. முன்னெழுத்து, பேர், அதற்குக் கீழே மானாமதுரை. பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை, வெறும் கறுப்பு வட்டம். சாயங்காலம் அறையை இருட்டாக்கி, கூஜாவைக் கவிழ்த்து, டார்ச்சை அதன் விளிம்புக்கு நேராகப் படுக்க வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விட்டேன். ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் துளி நிழல் விழுந்து எழுத்து எழும்பி நின்றது. மானாமதுரையில் இருக்கும் ‘னா’ இப்போது எழுதுகிற மாதிரி துணைக்கால் போட்டு இல்லை, பழைய சுழி எழுத்து. 1978-இல் தமிழக அரசு எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்னால் அப்படித்தான் எழுதினார்கள். அதற்குப் பிறகும் பழக்கத்தில் பழைய எழுத்தையே எழுதியவர்கள் உண்டு, அதனால் இது மட்டும் வயதுக்குச் சான்று ஆகாது. ஆனால் விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும். பெங்களூரிலிருந்து ஒருவர் அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி அனுப்பச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஏலம் சூடு பிடித்தது, அவருக்கே போனது. மூடியின் மரை ஒரு பக்கம் தேய்ந்திருந்ததையும், தோளில் ஒரு நசுங்கல் இருந்ததையும் கிட்டத்தில் காட்டியிருந்தேன். வாங்கியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

சுருக்கென்றது என்றேனே, அது இனிமேல்தான் வருகிறது. கொஞ்ச நாள் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார், எடுத்த எடுப்பில் திட்டு. ஒரே கூஜாவை இரண்டு பேருக்கு விற்றிருக்கிறீர்கள், பழசு என்று சொல்லிப் புதுசைத் தள்ளிவிட்டீர்கள் என்று. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கேட்டுப் பார்த்தால், வேறு ஒரு தளத்தில் வேறு ஒரு ஆள் என் படங்களை அப்படியே எடுத்துப் போட்டு ஏலம் விட்டிருக்கிறான். பேர் வெட்டிய படத்தை மட்டும் விட்டுவிட்டான். மற்ற படங்களின் ஓரத்தை வெட்டி எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை தெரியாமல் செய்திருந்தான். வந்து சேர்ந்தது புதிதாக வார்த்துக் கறுப்பேற்றிய கூஜா. கோயம்புத்தூர்க்காரர் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடியதும் எங்கள் பழைய ஏலம் வந்து நின்றிருக்கிறது. நாங்கள்தான் திருடர்கள் என்று நினைத்துவிட்டார்.

நான் வெட்டாத மூலப் படங்களை, எடுத்த தேதியோடு அவருக்கு அனுப்பினேன். தோளில் இருக்கும் நசுங்கலைப் பாருங்கள், அந்த ஆள் போட்ட படத்திலும் அதே நசுங்கல் இருக்கிறது, உங்கள் கையில் இருக்கும் கூஜாவில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அதையே ஆதாரமாகக் காட்டிச் சண்டை போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கினார், பிறகு என்னிடம் வருத்தமும் தெரிவித்தார். நான் கொடுத்த புகாரில் அந்த ஏலத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதே ஆள் வேறு பேரில், வேறு யாரோ எடுத்த படங்களோடு திரும்பவும் கடை விரித்திருந்தான். படம் எடுத்தவருக்குத்தான் படம் சொந்தம் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. சாயங்காலம் முழுக்க டார்ச்சோடு மண்டியிட்டு எடுத்த படத்தை இன்னொருவன் ஏமாற்றுவதற்கு எடுத்துக்கொண்டால் சும்மா இருக்க முடியுமா?

நீங்கள் அந்த மாதிரி ஆள் என்று சொல்லவில்லை. நல்ல படமாக இருக்கட்டுமே என்றுதான் கேட்டிருப்பீர்கள். ஆனால் இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கிறவருக்கு உங்களுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது.

படம் எடுக்கும் முறையைப் பற்றி ஒன்றிரண்டு. பித்தளை கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும், போன் பிடித்த கையே படத்தில் விழும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மதுரை மத்தியான வெயிலில் வெளியே வைத்து எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் இருட்டு. காலையில் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதன் வழியாக வருகிற வெளிச்சத்தில் எடுங்கள், பளிச்சென்ற புள்ளிகள் அடங்கிவிடும். பின்னால் விரிக்கச் சாம்பல் நிறத் துணி போதும். அழகாக இருக்கிறதே என்று சுங்குடிச் சேலையை விரித்தால் கண் பாத்திரத்தில் நிற்காது. போன் தானாக நிறத்தை ஏற்றுகிற அமைப்பு எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள், பித்தளை தங்கம் மாதிரி வந்துவிடும், வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் சண்டைக்கு வருவார்.

நிறத்தை ஏற்றுவது என்றதும் எனக்கு வேறு ஒரு கோபம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். என் நாத்தனார் மகள் நல்ல மாநிறம், களையான முகம். கல்யாண ஆல்பம் வந்தது, பக்கத்துக்குப் பக்கம் முகத்தை வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். மருதாணி வைத்த கை மட்டும் அவள் கையாக இருக்கிறது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஸ்டுடியோவில் போய்க் கேட்டால் “எல்லாரும் இதத்தாங்க்கா விரும்புறாங்க” என்கிறார். அந்தப் பெண் ஆல்பத்தை மூடி வைத்தவள் மறுபடி திறக்கவே இல்லை. ஒரு பிள்ளையின் நிறத்தைக் குறையாக நினைத்துத் திருத்த இவர்கள் யார்? இந்த ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்த முகத்தை அப்படியே எடுத்துக் கொடுக்க என்ன கஷ்டம்? லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், யாரும் கேட்பதும் இல்லை.

சரி, பாத்திரத்துக்கு வருகிறேன். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடத்துக்குக் குறையாத வயதுள்ள கலைப் பொருளும் நாணயமும் தொல்பொருள் கணக்கில் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, விற்பதையே தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். அதனால் பாத்திரத்தில் வருடம் வெட்டியிருந்தால் அதை முதலில் படம் எடுத்து, கணக்குப் பார்த்துவிட்டு, அப்புறம் ஏலத்துக்கு வாருங்கள். தாத்தா வீட்டில் பழைய சாமி சிலை ஏதாவது இருந்தால் அதை ஏலப் பக்கமே கொண்டு வராதீர்கள். அந்த வயதுள்ள சிலைகளைத் தொல்லியல் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

போனில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள், இல்லையென்றால் படத்துக்குள்ளேயே உங்கள் வீடு இருக்கும் இடம் பதிந்துவிடும். சில தளங்கள் அதை நீக்கிவிடும், எல்லாத் தளமும் நீக்கும் என்று நம்ப வேண்டாம். பாத்திரம் உங்களிடம்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி கேட்கிறவர்களுக்கு, துண்டுச் சீட்டில் தேதியும் உங்கள் விற்பனைப் பேரும் எழுதிப் பாத்திரத்தோடு வைத்து எடுத்துத் தனியாக அனுப்புங்கள். எல்லாப் படத்தையும் ஏலம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். விலை ஏற ஆரம்பித்த பிறகு ஒரு விரிசல் படத்தைச் சேர்த்தால் முதலில் கேட்டவர் ஏமாந்ததாக நினைப்பார், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

விற்ற பிறகும் படம் வேண்டும். கூஜாவாக இருந்தால் மூடியை மரையில் இறுக்கி அனுப்பாதீர்கள், வழியில் அடிபட்டு வாய் நெளிந்தால் திறக்கவே வராது. மூடியைத் தனியாகத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். சுற்றுவதற்கு முன்னால் ஒரு படம், பெட்டியை ஒட்டிய பிறகு ஒரு படம். மூலப் படங்களைப் போனில் மட்டும் வைக்காமல் வேறு ஓர் இடத்திலும் சேர்த்து வையுங்கள்.