குற்றவியல் படித்தால் பொலிஸ் வேலைதானா?

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு வந்திருக்கிறது. குற்றவியல் படிக்க ஆசை. "பொலிசுக்குப் போக எதுக்குக் கெம்பஸ்?" என்கிறார் அப்பா. அம்மாவுக்குப் பெயரைக் கேட்டாலே பயம். படித்தால் என்ன வேலை கிடைக்கும்?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி, மகள். உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கு விண்ணப்பிக்கப் பட்டம் தேவையில்லை. ஆனால் குற்றவியல், திருடனைப் பிடிக்கச் சொல்லித் தருகிற படிப்பில்லை. ஒரு செயலைக் குற்றம் என்று யார் தீர்மானித்தது, ஒருவர் ஏன் அதைச் செய்தார், தண்டனைக்குப் பிறகு அவர் என்ன ஆனார்? அங்கே பாடம் இதுதான். உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியை மறியலுக்கு அனுப்பலாம். இன்று அதே காரியத்துக்குச் சம்பளம்தான் போகும். நம் பூட்டன்மார் பலர் குற்றவாளி ஆனது அப்படித்தான்.

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே பட்டப்படிப்பு இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் பேராதனையில் சமூகவியல் படியுங்கள், நஷ்டமில்லை. முதுகலைக்கு இந்தியா போக வசதியிருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை உண்டு.

அப்புறம் வேலை. நான் நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன். 1944ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த பதவி இது. திருட்டு வழக்கில் ஒரு பையன் நீதவான் முன் நிற்பான். வீட்டு நிலைமையை விசாரித்து அறிக்கை கொடுப்பது நம் பொறுப்பு. லயத்துக்குப் போனால் அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், வீட்டில் அப்பாயி மட்டும் இருப்பார். சிங்களம் மட்டும் தெரிந்த அதிகாரி போனால், எதைக் கேட்டாலும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். தமிழில் பேசினால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "இவன் பள்ளிக்கூடம் போயே ஆறு மாசமாச்சி மிஸ்" என்று ஆரம்பிப்பார். பையன் மறியலுக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் பல நேரம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஆனால் அறிக்கையைச் சிங்களத்தில் எழுதச் சொல்வார்கள். பல்கலைக்கழக அனுமதி வரும்வரை சும்மா இருக்காமல் சிங்களம் எழுதப் பழகுங்கள்.

சிறைச்சாலைகளில் புனர்வாழ்வு உத்தியோகத்தர் பதவி இருக்கிறது. சிறைக்குப் பதில் சமூகப் பணி செய்ய வைக்கும் சமுதாயம்சார் சீர்திருத்தத் திணைக்களமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் இருக்கின்றன. எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்பதை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் பெரிதில்லை, வெற்றிடமும் அடிக்கடி வராது. காத்திருக்கும் காலத்தில் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையும் எழுதிப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே காயம் முழங்கால் வலி. தோட்டத்துப் படிக்கட்டு ஏறி வந்தது.

கேள்வி: அக்காவின் மகன் டிஎன்ஏ ஆய்வுகூடத்தில் வேலை செய்ய வேண்டும் என்கிறான். அதற்கும் குற்றவியல்தானா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இல்லை. அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் போன்ற இடங்களில் இரசாயனம், உயிரியல் படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். பையன் இன்னும் சாதாரண தரத்தில் இருந்தால் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவில் சேருங்கள். பக்கத்துப் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லையென்றால் பதுளையில் விசாரியுங்கள்.