பட்டாணிப் பருப்பும் ஸ்பிட்ஃபயரும்

அன்புள்ள ஐயா,

ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1/72 மாடல் ஒன்று (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு) செய்துவருகிறேன். கடைசியாக மேட் வார்னிஷ் அடித்ததும் இறக்கை முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. அன்று நல்ல மழை. அதை மறைக்க மேலேயே இன்னும் இரண்டு கோட் அடித்தேன், மோசமானதுதான் மிச்சம். அடியில் தூசி வேறு பொரிப்பொரியாக நிற்கிறது. ஸ்பிரிட்டில் முக்கி மொத்தத்தையும் எடுத்துவிடவா? பெயின்ட் தெளிக்க நல்ல ஏர்பிரஷ் ஒன்றும் சொல்லுங்கள். இந்தக் கம்பெனி வார்னிஷை இனி வாங்கவே மாட்டேன்.

வெ.

அன்புள்ள வெ.,

முதலில் ஸ்பிரிட் பாட்டிலை மூடுங்கள். முக்கினால் டீகால்களும், அதாவது மேலே ஒட்டிய சின்னங்களும் எழுத்துகளும், சேர்ந்து போகும். வார்னிஷ் கம்பெனி ஒரு பாவமும் செய்யவில்லை. வார்னிஷில் இருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. மழைக்காற்றின் ஈரம் அதில் படிந்து வார்னிஷுக்குள் மாட்டிக்கொள்கிறது. வெயிலடிக்கும் நாளில் பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். ஏர்பிரஷா? இருப்பதை ஒழுங்காகக் கழுவுங்கள், போதும்.

என்னை உறுத்துவது அந்தத் தூசி. அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! நீங்கள் செய்வது எந்த விமானம்? 1937-ல் ஸ்பிட்ஃபயரின் முதல் விமானத்தை வைத்து ஒரு சோதனை நடந்தது. தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகள் தகட்டோடு தகடாகப் படிந்திருக்க வேண்டுமா, குமிழாக நின்றால் என்ன நஷ்டம் என்று பார்க்க, ரிவெட்டுகளின் மேல் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் வரை விழுந்தது. பிறகு வரிசை வரிசையாகப் பருப்பைப் பெயர்த்து, எந்த இடத்தில் குமிழ் இருந்தால் பாதகமில்லை என்று கண்டுபிடித்தார்கள். 1939-ல் சிட்னி காட்டன் என்ற விமானி உளவுப் படமெடுக்க எடுத்துக்கொண்ட ஸ்பிட்ஃபயர்களில் துப்பாக்கிகளைக் கழற்றி, இணைப்புகளைப் பட்டி பார்த்து, மெருகேற்றிவிட்டார். எல்லாம் கொஞ்சம் கூடுதல் வேகத்துக்காக.

இப்போது கணக்குப் போடுங்கள். 0.1 மில்லிமீட்டர் தூசி, 1/72 அளவில் 7.2 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட அதே பட்டாணிப் பருப்பு! அவர்கள் பெயர்த்தெடுத்ததை நீங்கள் திரும்ப ஒட்டி, மேலே மூன்று கோட் வார்னிஷும் அடித்திருக்கிறீர்கள். பெயின்ட் கனமும் அதே கணக்குதான். தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் பாதி மூடியிருக்குமே, பார்த்தீர்களா?

எங்கள் ஊர் டிங்கரிங் பட்டறையில் ஒரு பெயின்டர் அண்ணன் இருந்தார். ஸ்ப்ரே கன்னைத் தொடுமுன் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார், தூசி எழும்பக் கூடாதென்று. காய்ந்த கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். எங்காவது நெருடினால் அந்த இடத்தை மட்டும் வாட்டர் பேப்பரால் தேய்ப்பார். முதலாளி கத்தினாலும் சரி, தேய்த்து முடிக்காமல் அடுத்த கோட் கிடையாது. உங்களுக்கு யார் கத்தினார்கள், ஒரே நாளில் மூன்று கோட் அடிக்க?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசி கோட் வரை வந்திருக்கிறீர்கள். பாதியில் பெட்டிக்குள் போட்டு மூடுகிறவர்கள்தான் அதிகம். பளபளப்பு கோட் நன்றாக இறுகியதும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பொரிகளை மட்டும் லேசாகத் தேய்யுங்கள். இறக்கை விளிம்பில் அழுத்த வேண்டாம், டீகால் பக்கமே போக வேண்டாம். நிறம் போன இடத்தில் தொட்டுச் சரிசெய்து, மேட் வார்னிஷ் ஒரே ஒரு கோட். அதுவும் மழை விட்ட பிறகு.