கப்பல்ல ரெண்டாவது தடவை சென்னை வர்றோம், மெரினா மகாபலிபுரம் பாத்தாச்சு, ஒரு பகல்ல வேற எங்க போகலாம்?

நீங்க கேட்டிருக்கிறது இதான்: சிங்கப்பூர்ல இருந்து க்ரூஸ்ல வர்றீங்க, காலைல 7 மணிக்கு சென்னை துறைமுகம், ராத்திரி 8 மணிக்கு கிளம்பிடும், கூட வயசான அப்பா அம்மா, போன தடவை டூர் பஸ்ல சாந்தோம் மெரினா மகாபலிபுரம் எல்லாம் முடிச்சாச்சு, இந்த தடவை பாண்டிச்சேரியா காஞ்சிபுரமான்னு.

ரெண்டும் வேணாங்க. பாண்டிச்சேரி போக மூணு மணி நேரம் வர மூணு மணி நேரம், அப்பா அம்மாவுக்கு நாள் பூரா கார் சீட்டு தான் மிஞ்சும். வடக்க வாங்க. உங்க கப்பல் வந்து நிக்கிற இடமே எங்க ஏரியா தான், ஆனா டூர் பஸ் எல்லாம் கேட்ட தாண்டினதும் தெக்கால திரும்பிடுது. ராயபுரத்துல பொறந்து வளந்தவன்றதால இத வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கேன், அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன தடவை மெரினால அம்மாம் பெரிய மணல் பாத்தீங்களே, அது இந்த துறைமுகத்தால வந்தது. நம்ம கரையோரமா மணல் வருஷத்துல முக்காவாசி நாள் தெக்க இருந்து வடக்க நகந்துட்டே இருக்கும். 1870கள்ல கடலுக்குள்ள கல்லு கொட்டி சுவரு கட்ட ஆரம்பிச்சாங்க, 1881 புயல்ல அது ஒடஞ்சு போயி மறுபடி கட்டினாங்க, அந்த சுவத்துல மணல் தட்டி நின்னு தெக்கால பக்கம் மெரினா அகலமாயிட்டே போச்சு, வடக்கால வரவேண்டிய மணல் வராம ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையெல்லாம் அரிச்சுட்டு போச்சு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல போனா கடலோரம் நெடுக பாறாங்கல்லு கொட்டி வெச்சிருப்பாங்க, பீச்சு இருக்க வேண்டிய இடம் அது. மெரினாவ பாத்தவங்க இதையும் ஒரு தடவை பாக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை, ரெண்டும் சேந்தா தான் கதை முழுசாகும். துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பல் தூரத்துலயே நின்னுடும், ஆளுங்களையும் சரக்கையும் மசூலா படகுல ஏத்தி அலைய தாண்டி கரைக்கு கொண்டு வந்தது நம்ம மீனவங்க தான்.

சரி, ப்ளான். துறைமுகத்துக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு நடக்க விடமாட்டாங்க, கப்பல் பஸ்ல கேட் வரைக்கும் வந்து அங்க இருந்து ஆப்ல ஒரு கார் போட்டு நேரா காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு போயிடுங்க. மொத்த ஏலம் நடுராத்திரி தாண்டி ஆரம்பிச்சு விடியறதுக்குள்ள பெரும்பாலும் முடிஞ்சிடும், ஆனா எட்டு மணிக்கு போனாலும் சில்லறை வியாபாரம் சூடா தான் இருக்கும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, நண்டு, எறா எல்லாம் கூடை கூடையா, ஒருபக்கம் அருவாமணைல மீன் வெட்டி குடுக்கிற அக்காங்க, இன்னொரு பக்கம் ஐஸ் ஒடைக்கிற சத்தம், படகு ஓரமா ஒக்காந்து வலை சரி பண்றவங்க. கேட்டா நல்லா பேசுவாங்க, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, அங்க அவங்க பொழப்பு ஓடிட்டு இருக்கு. தரை ஈரமா வழுக்கும், அம்மாவுக்கு பிடிப்பான செருப்பு போடுங்க. ஞாயித்துக்கிழமைன்னா கூட்டம் தாங்காது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போகாது, உங்க தேதி அதுக்குள்ள வந்தா காசிமேட விட்டுட்டு நேரா கோயிலுக்கு போங்க.

கோயில்னா திருவொற்றியூர். உங்க அப்பா அம்மாவுக்காகவே சொல்றேன், இது ஒண்ணே போதும் இந்த நாளுக்கு. தியாகராஜரும் வடிவுடையம்மனும் இருக்கிற கோயில், மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம், கவசம் போட்டே இருப்பாரு, கார்த்திகை பௌர்ணமிய ஒட்டி மூணு நாள் மட்டும் கவசம் இல்லாம பாக்கலாம். சுந்தரர் சங்கிலியார கல்யாணம் பண்ணிக்கிட்ட ஊரு இதான். உன்ன விட்டு பிரியமாட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணனும், அப்ப சாமிகிட்ட நீ கொஞ்ச நேரம் மகிழ மரத்துக்கு போயிடுன்னு சுந்தரர் கேட்டுக்கிட்டாரு, சாமி என்னடான்னா மகிழ மரத்தடிலயே சத்தியம் வாங்கிக்கோன்னு அந்த பக்கம் சங்கிலியார்கிட்ட சொல்லிட்டாரு. அப்புறம் சத்தியத்த மீறி திருவாரூருக்கு கிளம்பினப்ப கண்ணு போச்சு. எங்க ஆயா இந்த கதைய சொல்லும்போது சங்கிலியார் எங்க தெரு பொண்ணு மாதிரி அவங்க பக்கமே நின்னு பேசும். கோயில முடிச்சுட்டு கடலோரமா பட்டினத்தார் சமாதிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. எல்லாத்தையும் பதினோரு மணிக்குள்ள முடிச்சுடணும், மதியம் நடை சாத்திடுவாங்க.

திரும்பும்போது கார் வேணாம், மெட்ரோ. 2021ல இருந்து விம்கோ நகர் வரைக்கும் ஓடுது, கோயில் பக்கத்துலயே தேரடி ஸ்டேஷன், லிஃப்ட் இருக்கு ஏசி இருக்கு. கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்னா எக்ஸ்பிரஸ் ரோட்டுல எவ்ளோ நேரம் மாட்டுவோம்னு சொல்லவே முடியாது, எங்க ஏரியாக்காரங்களுக்கு இது தினமும் பேஜாரு. மண்ணடில எறங்கினா தம்பு செட்டி தெரு காளிகாம்பாள் கோயில் கிட்டக்க தான், 1677ல சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்டதா சொல்ற கோயில். அதுவும் மதியம் சாத்திடும். அடுத்து அரண்மனைக்காரன் தெருவுல 1772ல கட்டின ஆர்மீனியன் சர்ச். பாரிமுனை இரைச்சல்ல இருந்து உள்ள நுழைஞ்சா நிழலா ஒரு முற்றம், தரைல பூரா ஆர்மீனிய எழுத்து செதுக்கின கல்லறை கல்லுங்க. பெரியவங்க கொஞ்ச நேரம் ஒக்கார இத விட நல்ல இடம் அங்க இல்ல.

சாப்பாடு அசைவம்னா மண்ணடிலயே பிரியாணி, சைவம்னா சௌகார்பேட்டை மின்ட் ஸ்ட்ரீட். ஆனா மின்ட் ஸ்ட்ரீட்ல உச்சி வெயில்ல பெரியவங்கள நடக்க விடாதீங்க, நீங்க மட்டும் போயி முறுக்கு சாண்ட்விச் சாப்பிட்டு வாங்க.

வெயில் தாழ்ந்ததும் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1 அன்னிக்கு தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்க இருந்து தான் ஆற்காடு பக்கம் இருக்கிற வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு கிளம்புச்சு. பழைய கட்டடம் தூணுங்களோட இன்னும் நிக்குது, பெரிசா பாக்க வேற ஒண்ணும் இல்ல, அந்த தூண்கிட்ட நின்னு ஒரு போட்டோ, பத்து நிமிஷம் போதும். நேரம் இருந்தா ஹைகோர்ட் மதில்ல 1914 செப்டம்பர் 22 ஜெர்மன்காரங்க எம்டன் போர்க்கப்பல் குண்டு போட்டதுக்கு ஒரு கல்வெட்டு பதிச்சிருக்காங்க, கடல் வழியா வர்றவங்க பாக்க வேண்டிய கல்லு.

அஞ்சு மணிக்கு பர்மா பஜார் பின்னால செகண்ட் லைன் பீச் ரோடு. அத்தோ கண்டிப்பா சாப்பிடணும். 1960கள்ல பர்மால இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மொளகா தூள், மேல பேஜோன்னு ஒரு மொறுமொறு வடைய நொறுக்கி போட்டு கையாலயே பெசஞ்சு குடுப்பாங்க, கூட வாழத்தண்டு சூப். முட்டைய கீறி பொரிச்ச வெங்காயம் வெச்சு தர்றதும் சோக்கா இருக்கும். அம்மாவுக்கு காரம் கம்மியா போட சொல்லுங்க, சொன்னா கேப்பாங்க.

பழவேற்காடு பத்தி யாராச்சும் ஆசை காட்டுவாங்க. ஏரி, டச்சுக்காரங்க கல்லறை, குளிர்காலத்துல பூநாரை, எல்லாம் அருமையான இடம் தான், ஆனா கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர், மீஞ்சூர் பக்கம் லாரி நெரிசல் வேற. கப்பல் ராத்திரி தங்கினா போங்க, அன்னிக்கே கிளம்புற கப்பலுக்கு வேணாம்.

கப்பல் கம்பெனியே கூட்டிட்டு போற டூர் லேட்டானா பொதுவா கப்பல் நிக்கும், நீங்களா வெளிய போனா நிக்காது. கப்பல் கார்டுல திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம் போட்டிருப்பாங்க, அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கேட்ல இருங்க, செக்யூரிட்டி செக்கிங், உள்ள பஸ் வர்ற நேரம் எல்லாத்தையும் அதுல கணக்கு பண்ணிக்கங்க.