லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பில்லா விரதம் இருக்கலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பைபோலார் (மனம் அளவுமீறி எகிறுவதும் பிறகு சோர்ந்து விழுவதுமான நோய்) என்று நான்கு வருடமாக லித்தியம் சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார். பண்ணாரியில் குண்டம் மிதிப்பதாக வேண்டிக்கொண்டு உப்பில்லாமல் விரதம் இருக்கிறார். ‘கிட்னி போயிரும், மாத்திரையை விட்டுரு’ என்கிறார் மாமியார். விடலாமா? – கோபியிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் உப்பு, அது இன்றைக்கே கவனிக்க வேண்டியது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். பங்குனி வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கறி மீனை விடட்டும், தடையில்லை. உப்பும் தண்ணீரும் மட்டும் எப்போதும் போல இருக்கட்டும்.

கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் இதே வேலையைத்தான் செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிடுவார்கள், ஜாக்கிரதை.

மாமியாரின் பயம் வெறும் பயமில்லை. பல வருடங்களில் சிலருக்குச் சிறுநீரகம் மந்தப்படும், தைராய்டும் குறையும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), கால்சியம், லித்தியம் அளவு எல்லாம் பார்க்கச் சொல்கிறோம். தைராய்டு குறைந்தால் அதற்குத் தனி மாத்திரை உண்டு; அதற்காக லித்தியத்தை விட வேண்டியதில்லை. லித்தியம் அளவுக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், வீணாகப் பயந்துகொள்வீர்கள். நீண்ட காலச் சிகிச்சையில் பெரும்பாலும் இந்த அளவை 0.6 முதல் 0.8 வரை (mmol/L) வைத்திருப்போம். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

சட்டென்று நிறுத்தவே கூடாது. சில வாரங்களிலேயே நோய் திரும்பலாம், தற்கொலை எண்ணமும் வரலாம். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும் டாக்டர் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்.

அப்புறம், குண்டம். நெருப்பைவிட எனக்குப் பயம், அதற்காக ராத்திரி முழுக்க வரிசையில் முழித்திருப்பதுதான். பைபோலார் உள்ளவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டாலே மனம் எகிற ஆரம்பிக்கலாம். இந்த வருடம் கூட்டம் குறைந்த ஒரு நாள் பகலில் கூட்டிப்போய் அம்மனைக் கும்பிட வையுங்கள். மிதிப்பதைப் பற்றி அடுத்த செக்கப்பில் அவரையே டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.