கைவிடப்பட்ட குழந்தைக்கு வெளிநாட்டுத் தம்பதி காப்பாளர் ஆக முடியுமா? கேள்வி பதில்

தத்து பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள் இங்குள்ள குழந்தையை எடுத்து வளர்ப்பது பற்றித்தான், அதனால் இந்த முறை அது மட்டும். குடும்பநல வழக்குகள் நடத்தும் வழக்கறிஞராகச் சொல்கிறேன், எல்லாமே இந்தியச் சட்டப்படி.

கேள்வி: மேடம், எங்கள் ஆபீசில் இருக்கும் ஜெர்மன் தம்பதிக்குக் குழந்தை இல்லை. கைவிடப்பட்ட ஒரு குழந்தைக்கு கோர்ட்டில் காப்பாளர் ஆர்டர் வாங்கித் தருகிறேன், அப்படியே ஊருக்குக் கூட்டிப் போகலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். இன்று கைவிடப்பட்ட குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி தத்து எடுப்பதுதான் வழி. தத்து ஆணை இல்லாமல் குழந்தையை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும், அதற்கு ஏற்பாடு செய்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஏஜென்ட் நழுவிவிடுவார், மாட்டுவது உங்கள் நண்பர்கள்தான். இந்தியாவிலேயே வசிக்கும் வெளிநாட்டவர் என்றால் மத்திய தத்து ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், அவர்கள் நாட்டுத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று வேண்டியிருக்கும். நடுவில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை.

கேள்வி: ஆனால் என் நண்பர் ஒருவர் ஸ்வீடனில் வளர்ந்தவர். அவரிடம் இருப்பது தத்துப் பத்திரமே இல்லை, காப்பாளர் ஆணைதான். அது எப்படி?

நல்ல கேள்வி. 1956ஆம் ஆண்டின் இந்து தத்துச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டும்தான். கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சி, வெளிநாட்டவர் யாருக்கும் தத்தெடுக்க அந்தக் காலத்தில் பொதுச் சட்டம் இருக்கவில்லை. எனவே அவர்களுக்கு இருந்த ஒரே கதவு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம். வெளிநாட்டுத் தம்பதி இங்கே காப்பாளராக நியமனம் பெறுவார்கள். அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி நீதிமன்ற அனுமதி இல்லாமல் குழந்தையை அந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே கொண்டுபோக முடியாது, அதனால் அந்த அனுமதியையும் சேர்த்தே கேட்பார்கள். அப்புறம் தங்கள் நாட்டுக்குப் போய் அந்த நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்து முடிக்க வேண்டும்.

இதில் பெரிய ஓட்டை, அங்கே போன பிறகு யாராவது தத்தை முடிக்காமல் விட்டால் குழந்தை கடைசிவரை காப்பில் உள்ள ஆள்தான், பிள்ளை இல்லை. காப்பாளர் பொறுப்பு குழந்தை மேஜரானதும் முடிந்துவிடும். வாரிசுரிமை தானாக வராது. குடியுரிமையும் சிக்கல்தான். அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இதற்காகச் சட்டம் போட்டது, ஆனால் அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரியில் ஏற்கெனவே 18 வயது நிறைந்திருந்தவர்களுக்குப் பொருந்தவில்லை. அங்கேயே வளர்ந்து அங்கேயே வரி கட்டியும் அந்த நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகள் பற்றி லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டு 1984இல் தீர்ப்பு சொன்னது. நீதிபதி பகவதி விரிவான விதிமுறைகளே வகுத்துக் கொடுத்தார், காரா வந்ததும் அதன் தொடர்ச்சிதான். 2000இல் வந்த சிறார் நீதிச் சட்டம் மதம் பார்க்காமல் தத்தெடுக்க வழி திறந்தது, நாடுகளுக்கு இடையிலான தத்து பற்றிய ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றது. இப்போது தத்து ஆணை வந்தால் குழந்தை எல்லா வகையிலும் அவர்கள் பெற்ற பிள்ளைதான்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒரு கைக்குழந்தை கிடைத்தது, இங்கே தங்கியிருக்கும் பிரெஞ்சுத் தம்பதி உடனே வளர்க்கத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தால் என்ன தப்பு?

தப்புதான். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, போலீசுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே தனிக் குற்றம். நல்ல மனதோடு செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

கேள்வி: அப்புறம் ஏன் சார்... மன்னிக்கவும், மேடம், இவ்வளவு தாமதம்? குழந்தை ஹோமில் கிடக்கிறது, வாங்கத் தயாராக ஆள் இருக்கிறார்கள், ஆபீசர்கள் ஃபைலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஃபைல் காரணமே இல்லாமல் தூங்கினால் நானும் சண்டை போடுவேன். ஆனால் எல்லாத் தாமதமும் சோம்பேறித்தனம் இல்லை. குழந்தையின் படத்தோடு பத்திரிகையில் அறிவிப்பு வரும், பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் அறிக்கை தரவேண்டும், அதன் பிறகுதான் நலக் குழு 'தத்துக்குச் சட்டப்படி தகுதியானது' என்று அறிவிக்கும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம். தாயே வந்து ஒப்படைத்த குழந்தை என்றால், அவர் மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள்.

அந்தப் பத்திரிகை அறிவிப்பை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சென்னையையே காட்டுவேன். இங்கே குடிசைப் பகுதிகளில் இருந்து திருடிய குழந்தைகளைப் பொய்ப் பத்திரங்களோடு வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பியது 2005இல் அம்பலமானது. தூங்கும்போதும் தெருவில் விளையாடும்போதும் காணாமல் போன குழந்தைகள், பெற்றவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். அங்கே வாங்கி வளர்த்தவர்களும் ஏமாந்தவர்கள்தான். காகிதத்தில் 'கைவிடப்பட்டது' என்று எழுதிவிட்டால் கைவிடப்பட்டது ஆகிவிடாது, அதனால் இந்த இரண்டு மாதத்தைக் குறைக்கச் சொல்லி யார் வந்தாலும் நான் பக்கம் சேர மாட்டேன்.

கேள்வி: வெளிநாட்டவருக்கு எந்தக் குழந்தைகள் கிடைக்கும்?

முதல் வாய்ப்பு இங்குள்ளவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும். குழந்தை சட்டப்படி தகுதியான பின் 60 நாளில் யாரும் அமையாவிட்டால்தான் வெளிநாட்டவருக்கு. உடல், மனக் குறைபாடுள்ள குழந்தைகள், உடன்பிறந்தவர்களாகச் சேர்ந்து இருப்பவர்கள், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆகியோரை வெளிநாட்டுத் தத்துக்கு முன்னுரிமையோடு அனுப்பலாம் என்று சட்டமே சொல்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோர் நிறமும் முகமும் நன்றாக உள்ள பச்சைக் குழந்தை கேட்டு வரிசையில் நிற்பார்கள், ஏழு வயதுப் பையனும் அவன் தங்கையும் சேர்ந்து வந்தால் வேண்டாம் என்பார்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் கனடா குடிமக்கள். என் அக்கா மகளை எடுத்து வளர்க்க ஆசை. இதே வரிசையா?

இல்லை, இது உறவினர் தத்து. சித்தி, மாமா, அத்தை, பெரியப்பா, தாத்தா பாட்டி போன்றவர்களுக்கு இந்த வழி உண்டு, காத்திருப்புப் பட்டியலில் நிற்க வேண்டாம். ஆனால் அக்கா, அத்தான் இருவரின் சம்மதம் வேண்டும், குழந்தை ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் அவளுடைய சம்மதமும் வேண்டும். இந்து தத்துச் சட்டப்படி பத்திரம் பதிந்தாலும் காராவின் தடையின்மைச் சான்று இல்லாமல் கூட்டிப் போக முடியாது. கனடாவும் ஹேக் நாடு, முதலில் உங்கள் மாகாண அதிகாரிகளிடம் பேசுங்கள். டிக்கெட் போட்ட பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி: ஆணை கொடுப்பது கோர்ட்டா, கலெக்டரா?

2021இல் வந்த திருத்தம் அமலான பின், 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர்.

கேள்வி: வெளிநாடு போன பிறகு குழந்தையை யார் பார்ப்பார்கள்?

அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமோ அரசுத் துறையோ இரண்டு ஆண்டு அறிக்கை அனுப்பவேண்டும். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அறிக்கையில் எல்லாம் அழகாகத்தான் எழுதியிருக்கும், அதனால் உடன் வரும் புகைப்படங்களையும் பள்ளிக்கூடச் செய்தியையும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: அதே ஸ்வீடன் நண்பர் பெற்ற தாயைத் தேடுகிறார். எங்கே தொடங்குவது?

18 வயது தாண்டியவர் அவரே காராவிடம் வேர் தேடலுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் சார்பில் நீங்கள் கேட்டால் தர மாட்டார்கள். தாய் தன் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தால், அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் வெளியே வராது. இதற்கு நடுவே காப்பாளர் ஆணை வழங்கிய நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, அனுப்பிய நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, சான்றிட்ட நகலுக்கு அங்கேயே மனு போடச் சொல்லுங்கள்.